வங்கி கேட்பது தீக் காப்புறுதி; வீட்டுக்குள் வருவதோ வெள்ளம்!

"வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, பாங்க்கே வருசா வருசம் பிடிக்குதே!" வெள்ளம் வடிந்த மறுநாள் தாமான்களில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. வங்கி பிடிப்பது உண்மைதான். ஆனால் எதற்காகப் பிடிக்கிறது, யாருக்காகப் பிடிக்கிறது என்பதைப் பத்திரத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என எந்தத் தோட்டமானாலும் லயத்து வீடு கம்பெனியின் சொத்து. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொன்னால் போதும். தொழிலாளர்களுக்குத் தரமான குடியிருப்பை அமைத்துப் பராமரிக்க வேண்டிய பொறுப்பை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டமும் முதலாளி தலையில்தான் வைத்திருக்கிறது. காப்புறுதி என்ற பேச்சே பால்மரம் வெட்டியவரின் வாழ்க்கையில் வந்ததில்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதியில் இருந்ததை எடுத்து முன்பணம் கட்டி, தாமானில் ஒரு வீடு வாங்கும்போதுதான் அந்தப் பேச்சு தொடங்குகிறது. அதுவும் வழக்கறிஞர் அலுவலகத்தில், பத்திருபது தாள்களில் கையெழுத்துப் போடும் அவசரத்தில். அந்தத் தாள்களில் இரண்டு வகைக் காப்புறுதி இருக்கக்கூடும். ஒன்று எம்.ஆர்.டி.ஏ. எனப்படுவது. கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனை அடைக்க உதவுவது அது. வீட்டுச் சுவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மற்றொன்றுதான் கட்டடத்துக்கானது. குழப்பம் முழுவதும் இந்த இரண்டாவதில்தான்.

மலேசியாவில் கட்டடத்துக்கான அடிப்படைத் தீக் காப்புறுதி மூன்று ஆபத்துகளைத் தாங்கும்: தீ, இடி மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு. வெள்ளம் அதில் இல்லை. வேண்டுமென்றால் கூடுதல் சந்தா கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'ஹவுஸ் ஓனர்' என்று சொல்லப்படும் வீட்டுடைமையாளர் பத்திரம் வேறு. அதில் புயல், குழாய் வெடிப்பு, பூட்டை உடைத்துத் திருடுதல் ஆகியவற்றோடு வெள்ளமும் வழக்கமாகச் சேர்ந்தே வரும். ஆனால் மண்சரிவு அதிலும் தானாக வராது. மேட்டுச் சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில், ஒரே அளவு தண்ணீர் ஏறினாலும் ஒரு வீட்டுக்காரருக்கு இழப்பீடு கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. இருவரும் வங்கிக் கடன்காரர்கள்தான். இருவரும் ஆண்டுதோறும் பணம் கட்டியவர்கள்தான். வேறுபாடு பத்திரத்தின் ஒரு வரியில் இருக்கிறது.

கடன் கொடுப்பவர் ஏன் வெள்ளத்தையும் கேட்பதில்லை? அமெரிக்காவில் கேட்கிறார்கள். அங்கே 1968-இல் அரசாங்கமே வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. விரும்பியவர் வாங்கலாம் என்று விட்டதால் வாங்கியவர்கள் சொற்பம். 1972-இல் ஆக்னஸ் சூறாவளி வந்து போன பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. மறு ஆண்டே சட்டம் மாறியது. வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்தில் வீடு இருந்தால், வெள்ளக் காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் கொடுக்க முடியாது. அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. "இந்த இடத்தில் வெள்ளமே வந்ததில்லை, எதற்குக் கட்ட வேண்டும்?" என்று வரைபடத்தோடு சண்டை போடுகிறார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. வங்கி தன் கடனுக்குப் பாதுகாப்பு தேடும். தீப்பிடித்தால் அடமானச் சொத்தே போய்விடும், வெள்ளத்திலோ செங்கல் சுவர் பெரும்பாலும் நிற்கும். வங்கியின் கணக்கு அது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

நெகிரியில் வெள்ளம் புதிதும் அல்ல. சிரம்பான் வழியாக ஓடும் லிங்கி ஆறு, கோலா பிலா பக்கத்திலிருந்து பஹாவ் வட்டாரத்தைத் தொட்டு ஜொகூருக்குப் போகும் மூவார் ஆறு, இரண்டின் கரையிலும் பழைய தோட்டங்களும் புதிய தாமான்களும் உண்டு. 2006 டிசம்பரில் தொடங்கிய பெருவெள்ளம் ஜொகூரோடு நிற்காமல் நெகிரியையும் தொட்டது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவின் படங்களே தொலைக்காட்சியில் அதிகம் வந்தாலும், பாதிக்கப்பட்ட மாநிலங்களில் நெகிரியும் ஒன்று. அந்த ஆண்டு வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட், அதில் குடியிருப்பு வீடுகளின் இழப்பு மட்டும் 160 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அப்போது அரசாங்கம் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் பரிவுத் தொகை கொடுத்தது. நல்ல உதவிதான், ஆனால் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கே அது சரியாகிவிடும்.

ரப்பர் காடாக இருந்த நிலம் மழையை உறிஞ்சிக்கொண்டது. அதே நிலம் இன்று கூரையும் தார்ச்சாலையுமாகி, தண்ணீரெல்லாம் ஒரு லோங்காங்கில் வந்து விழுகிறது. ஆற்றங்கரையில் இல்லாத தாமானிலும் இரண்டு மணி நேர மழையில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுதான். நம் காப்புறுதிப் பத்திரங்களில் வெள்ளம் என்பதற்கு ஆறு கரைபுரள்வது மட்டுமே பொருள் அல்ல. கட்டடத்துக்கு வெளியிலிருந்து வந்து தேங்கும் நீரும் அதில் அடங்கும். லோங்காங் தண்ணீர்தானே என்று உரிமை கோராமல் விடக்கூடாது.

செலவு எவ்வளவு? தீக் காப்புறுதியோடு வெள்ளத்தைச் சேர்க்கப் பல நிறுவனங்களின் விளக்கத் தாள்களில் காணப்படும் விகிதம் 0.086 விழுக்காடு. ஒரு லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு ஆண்டுக்கு 86 ரிங்கிட், சேவை வரி தனி. நாளுக்கு 24 காசு என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி வெள்ளம் ஏறும் இடமென்றால் நிறுவனம் கூடுதலாகக் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். இழப்பீட்டில் முதல் பகுதி ஒன்றை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 1980-களில் மலிவு விலை வீட்டின் உச்சவரம்பு விலை 25,000 ரிங்கிட்; 1998-இல்தான் அது 42,000 வரை உயர்ந்தது. அந்த விலைக்கு வாங்கிய வீட்டில் பிறகு அடுப்படியை நீட்டி, தரைக்கு மொசைக் போட்டு, இரும்புக் கிரில் வைத்து, முன்பக்கம் கூரை இறக்கி, எவ்வளவோ செய்தாகிவிட்டது. காப்புறுதித் தொகையோ பழைய கடன் அளவிலேயே நிற்கும். வீட்டைத் திரும்பக் கட்ட 2 லட்சம் ஆகும், காப்புறுதி 1 லட்சம்தான் என்றால், 30,000 ரிங்கிட் சேதத்துக்கு நிறுவனம் 15,000 மட்டுமே கொடுக்கும். பாதி மதிப்புக்குத்தானே சந்தா கட்டினீர்கள் என்பது அவர்கள் வாதம். இதற்குச் சராசரி விதி என்று பெயர். தொகையை முடிவு செய்ய வேண்டியது வாங்கிய விலையை வைத்தும் அல்ல, இன்றைய சந்தை விலையை வைத்தும் அல்ல. திரும்பக் கட்டும் செலவை வைத்து.

சுவர் நிற்கும் என்றோம். நிற்காதவை எவை? மெத்தை, அலமாரி, சலவை இயந்திரம், பிள்ளைகளின் புத்தகம், கல்யாணத்துக்கு வாங்கி வைத்த புடவை. கட்டடப் பத்திரம் இவற்றுக்கு ஒரு காசும் தராது. பொருள்களுக்கு 'ஹவுஸ் ஹோல்டர்' என்ற தனிப் பத்திரம் வேண்டும். அதை வங்கி ஒருநாளும் கேட்காது, ஏனென்றால் மெத்தை அடமானத்தில் இல்லை! அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். நிர்வாகம் எடுக்கும் பொதுக் காப்புறுதி கட்டடத்துக்கு. வீட்டுக்குள் இருப்பது அவரவர் பாடு. வாகனமும் அப்படியே: முழுமைக் காப்புறுதி இருந்தாலும் வெள்ளத்தைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் படித்த பிள்ளைகள் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அதை எடுத்துப் பார்க்கலாம். 'கெபாக்காரான்' என்றால் தீ. தேட வேண்டிய சொல் 'பஞ்சிர்', ஆங்கிலமானால் 'ஃபிளட்'. அட்டவணைத் தாளில் அந்தச் சொல்லும், காப்புறுதித் தொகையும், முடியும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பத்திரமே கையில் இல்லையென்றால் வங்கியிடம் நகல் கேட்கலாம். வெள்ளம் வந்துவிட்டாலோ, நீர் ஏறிய அளவு தெரியும்படி படம் எடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை கெட்டுப்போன பொருள்களை வீசாமல் வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் முடிவு நியாயமில்லை என்று தோன்றினால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

தோட்டத் தொழிலாளர்களுக்கென்று 2011-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5 கோடி ரிங்கிட் வீட்டுக் கடன் நிதி அறிவிக்கப்பட்டது. பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக, 4 விழுக்காடு வட்டியில், 40 ஆண்டு வரை, தந்தை விட்டதை மகன் தொடர்ந்து கட்டும்படியான திட்டம் அது. கடன் இரண்டு தலைமுறைக்கு நீளலாம். காப்புறுதியோ ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்தால்தான் உண்டு. கடன் இருக்கும்வரை வங்கி அதை நினைவில் வைத்திருக்கும். கடைசித் தவணை கட்டி, கிராண்ட் கைக்கு வந்ததும் வங்கியின் கடிதம் நின்றுவிடும். தீக் காப்புறுதியும் அதோடு சேர்ந்து நிற்கும். வேலையும் சம்பளமும் இல்லாத ஓய்வுக் காலத்தில், ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய வீடு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்பது அப்போதுதான். வங்கியில் கிராண்டை வாங்கும் அன்றே, நடப்புப் பத்திரம் எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்த ஆண்டு யார் பெயரில் எங்கே புதுப்பிப்பது என்ற இரண்டையும் அதே கவுண்டரில் கேட்டுக்கொண்டு வரலாம்.