மே மாசம் வஞ்சிரம் கேட்காதீங்க: கடற்கரை ஊர்ல ‘லோக்கல் மாதிரி’ இருக்கறதுன்னா என்ன?

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வர்ற இழுவை, தடுமாற்றம் எல்லாத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனா போதும், எல்லா ஐடி ஆபீஸ் சாட் குரூப்லயும் ஒரே மெசேஜ்: “பாண்டி போலாமா?” ஞாயித்துக்கிழமை நைட்டு திரும்பி வந்ததும் இன்னொரு மெசேஜ்: “செம ட்ரிப் மச்சி, லோக்கல் மாதிரியே இருந்தோம்.” என்ன பண்ணாங்கன்னு கேட்டா, வாடகை ஸ்கூட்டர், மஞ்சச் சுவரு முன்னாடி போட்டோ, கஃபேல பாஸ்தா, வெயில் ஏறினப்புறம் எழுந்து பீச். பாண்டிக்காரங்க யாராவது மஞ்சச் சுவத்துல சாஞ்சு நின்னு நீங்க பார்த்திருக்கீங்களா?

நான் கிண்டல் பண்ணல. அந்த ஆசை நல்ல ஆசைதான். ஆனா ‘லோக்கல்’ங்கறத நாம சாப்பாடு, டிரெஸ், வீடுன்னு வாங்கற பொருளா நினைச்சுக்கறோம். என்னைக் கேட்டா அது முதல்ல நேரம் சம்பந்தப்பட்டது. அந்த ஊர் எந்தக் கடிகாரத்துல ஓடுதோ, அதுக்கு நம்ம வாட்ச்ச மாத்தி வைக்கணும். ஃபோன்ல டைம்ஜோன் தானா மாறும், நாம மாற மாட்டோம். அதான் பிரச்சனை.

எனக்கு இது எங்கேர்ந்து புரிஞ்சதுன்னா, எங்க பக்கத்துலேர்ந்துதான். மேல்சித்தாமூர், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல, மெயின் ரோட்ட விட்டு உள்ள இருக்கற ஊர். தமிழ்ச் சமணர்களோட தலைமை மடம் இங்கதான் இருக்கு. பார்சுவநாதர் கோயில் இருக்கு, அதவிடப் பழைய மல்லிநாதர் கோயில்ல பாறையில செதுக்கின தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கு. சமண நெறிப்படி பொழுது சாய்றதுக்குள்ள சாப்பாட்ட முடிச்சுடணும். இருட்டுல விளக்குக்கு வர்ற சின்னப் பூச்சிகூட நம்மால சாகக் கூடாதுங்கறதுதான் காரணம். இன்னைக்கும் வயசானவங்க பல பேர் இத விடாம கடைப்பிடிக்கறாங்க. அப்படி ஒரு ஊருக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து “நயினார் வீட்டுச் சாப்பாடு ட்ரை பண்ணணும்”னு நின்னா என்ன ஆகும்? யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, ஏதாவது ஏற்பாடு பண்ணுவாங்க. ஆனா அந்த நிமிஷமே நீங்க அந்த வீட்டோட கடிகாரத்த உடைச்சுட்டீங்க.

சரி, கடலுக்குப் போவோம். எங்க ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறவங்களுக்கு ஒரு தகவல். பாண்டி பீச் ரோட்ல காந்தி சிலையச் சுத்தி எட்டு கருங்கல் தூண் நிக்குதில்ல, அது செஞ்சியிலேர்ந்து போனது. 1750-ல் பிரெஞ்சுக்காரங்க செஞ்சிக் கோட்டையப் பிடிச்சாங்க, 1761-ல் ஆங்கிலேயர்கிட்ட விட்டாங்க. தூண்கள் மட்டும் கடற்கரையிலயே தங்கிடுச்சு. நீங்க எடுத்த செல்ஃபிக்குப் பின்னாடி எங்க ஊர்க் கல்லு நிக்குது. பார்க்கிங்குக்குக் காசு கேட்கல, விடுங்க.

இப்ப மீன். கடற்கரை லீவுன்னா மீன் இல்லாமயா?

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட கிழக்குக் கரை முழுக்க விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். முன்னாடி 45 நாளா இருந்தது, 2017-ல் 61 நாளாச்சு. இப்ப உங்க காலண்டரப் பாருங்க. ஸ்கூல் லீவு எப்ப? கசின்ஸ் எல்லாம் சேர்ந்து பீச் ட்ரிப் போடுறது எப்ப? அதே நாளு. கடலுக்கு லீவு விட்டிருக்கற நேரத்துல வந்து உட்கார்ந்து “அண்ணா, வஞ்சிரம் ஃப்ரை நாலு”ன்னு ஆர்டர் பண்றோம்.

வரும். அதான் வேடிக்கை. மேற்குக் கரையில தடைக்காலம் ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வரைக்கும். அதனால ஏப்ரல், மே மாசத்துல அந்தப் பக்கம் படகு ஓடிக்கிட்டு இருக்கும். கேரளாலேர்ந்தோ கர்நாடகாலேர்ந்தோ ஐஸ் பெட்டியில ஏறி, லாரியில ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணி, அந்த வஞ்சிரம் உங்க தட்டுக்கு வரலாம். இல்லன்னா குளிர்பதனக் கிடங்குல கிடந்த பழைய சரக்கு. “கடலுக்கு எதிர்லயே உட்கார்ந்து ஃப்ரெஷ்ஷா சாப்டோம்”னு ஸ்டோரி போட்டது எல்லாம் அரபிக் கடல் மீனு.

ஆனா அந்த 61 நாள்லயும் கரை காலியா இருக்காது. கரையோரமா தொழில் பண்ற ஃபைபர் போட், கட்டுமரத்துக்குத் தடை இல்ல. விடியறதுக்கு முன்னாடி போய்ட்டு, காலையில கரை ஏறுவாங்க. நெத்திலி, கவலை, காரப்பொடி, கானாங்கத்தை, அதிர்ஷ்டம் இருந்தா சங்கரா. மரக்காணத்துலேர்ந்து பாண்டி வரைக்கும் வழியெல்லாம் மீனவக் குப்பம்தான். கரையிலயே ஏலம் போகும். ஏலம் எடுத்த அக்காங்க கூடையில அள்ளிக்கிட்டு பஸ் பிடிக்கற அவசரத்துல இருப்பாங்க. அங்க போய் நிக்கறதுன்னா வலைய மிதிக்காம, வழிய மறிக்காம நில்லுங்க. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. வாங்கும்போது “வஞ்சிரம் இருக்கா”ன்னு கேட்காதீங்க. “அக்கா, இன்னைக்கு என்ன வந்துச்சு?”ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வியில நீங்க பாதி லோக்கல் ஆயிடுவீங்க. எப்படிச் சமைக்கறதுன்னும் அவங்களே சொல்லிக் குடுத்துடுவாங்க, அதுவும் நீங்க கேட்காமயே.

அடுத்து உப்பு. ஈசிஆர்ல போகும்போது மரக்காணத்துல ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா பாத்தி தெரியும். காரை நிறுத்தி ட்ரோன் விடுவோம். உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நிமிஷத்துல சொல்றேன். உப்புத்தண்ணிய ஒரு பாத்தியிலேர்ந்து அடுத்த பாத்திக்கு மாத்தி மாத்தி வெயில்ல காய விடுவாங்க. அடர்த்திய ‘டிகிரி’ல அளப்பாங்க. சுமார் 25 டிகிரி வந்தாத்தான் உப்பு படியும். அதுக்கு முன்னாடியே ஜிப்சம் படிஞ்சு ஒதுங்கிடும். 30 டிகிரிகிட்டப் போறதுக்குள்ள மிச்சத் தண்ணிய வடிச்சுடணும், இல்லன்னா மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இவ்வளவு கணக்கும் வெயில நம்பித்தான். கண்ணு கூசும்னு இருட்டோட வேலைய ஆரம்பிச்சுடுவாங்க. கோடையில ஒரு மணி நேரம் மழை பெஞ்சா பல நாள் உழைப்பு கரைஞ்சு போய்டும். நாம ரெஸார்ட் பால்கனியில நின்னு “வாவ், என்ன க்ளைமேட்”னு சொல்ற அதே மழை. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அந்த வேலையே இருக்காது. அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருது. மூணு மாசத்துக்கு 5,000. உங்க வீக்எண்ட் ரூம் வாடகையோட ஒப்பிட்டுப் பார்க்கறது உங்க இஷ்டம்.

பக்கத்துலயே கழுவெளி இருக்கு. 2021-ல் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சர் தளம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் போனா நல்லது. காலையில போங்க, ட்ரோன வீட்லயே வெச்சுட்டு.

இனி மணலுக்கு வர்றேன். எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். ‘செரினிட்டி பீச்’னு மேப்ல ஒரு இடம் இருக்கு. சர்ஃபிங், ஃப்ளீ மார்க்கெட், கஃபே. அந்த ஊரோட பேர் தந்திராயன்குப்பம். பாண்டி பீச்சுன்னு எல்லாரும் டேக் பண்ற அந்த இடம் உண்மையில எங்க விழுப்புரம் மாவட்டம். அங்க கரையில ஏன் இவ்வளவு பாறாங்கல்லு கொட்டிக் கிடக்குன்னு யாராவது யோசிச்சிருக்கோமா?

அலை எப்பவும் கரைக்கு நேரா வராது, கொஞ்சம் சாய்வா வரும். வரும்போதெல்லாம் மணல ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே போகும். நம்ம கரையில வருஷக் கணக்குக்குக் கூட்டிக் கழிச்சா, மணல் தெற்கேர்ந்து வடக்கே போகுது. ஓடுற கன்வேயர் பெல்ட் மாதிரி. 1980-கள் கடைசியில பாண்டித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் வந்துச்சு. பெல்ட்டு நடுவுல கை வெச்ச மாதிரி ஆச்சு. தெற்குப் பக்கம் மணல் குவிஞ்சுது, வடக்குப் பக்கம் பட்டினி. பாண்டி நகரத்தோட பீச்சே காணாமப் போச்சு. நகரத்தக் காப்பாத்த கல்லு போட்டாங்க. கல்லு போட்டா அந்த இடம் பிழைக்கும், ஆனா அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். அப்படியே வடக்க வடக்க, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி. படகு ஏத்தற இடம் போச்சு, வலை காயப்போடுற இடம் போச்சு, சில இடத்துல வீடும் போச்சு. பாண்டி தலைமைச் செயலகத்துக்கிட்ட கடலுக்கடியில செயற்கைத் திட்டு போட்ட பிறகு, அந்தப் பகுதியில கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. வடக்க இருக்கற குப்பங்களுக்கு அந்தக் கதை இன்னும் முடியல.

இதத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்பீங்க. ஒண்ணு, கடல்ல இறங்கறதுக்கு முன்னாடி அங்க வலை பிரிச்சுக்கிட்டு இருக்கற அண்ணன்கிட்டக் கேளுங்க. கல்லுக்கு நடுவுல நீரோட்டம் எப்படி இழுக்கும்னு ஆப்புக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் வேணாம்னு சொன்னா வேணாம். ரெண்டாவது, நீச்சல்குளம் வெச்ச வில்லா. கடலோர நிலத்தடியில நல்ல தண்ணி, உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கு. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி இருந்தா, கீழ 40 அடி இருக்கும். மேல ஒரு அடி இறங்கினா, கீழேர்ந்து உப்பு 40 அடி ஏறும். இது இலட்சிய நிலைக் கணக்கு, நிலத்துக்கு நிலம் மாறும். ஆனா போற திசை இதுதான். கடல் எதிர்ல இருக்கும்போது குளம் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

கடைசியா ஒரு நேயர் கேள்வி: “ப்ரோ, எனக்கு ரெண்டு நாள்தான் லீவு, இதெல்லாம் எங்க முடியும்?” முடியும். அஞ்சு ஸ்பாட் வேணாம், ஒரே ஒரு குப்பம் இல்ல சின்ன ஊர் எடுத்துக்கோங்க. திண்டிவனம் வரைக்கும் ட்ரெயினோ பஸ்ஸோ, அங்கேர்ந்து மரக்காணத்துக்கு டவுன் பஸ்ஸே இருக்கு. ஊர்க்காரங்க நடத்துற வீட்ல ரூம் எடுங்க. காலையில அஞ்சு மணிக்கு அலாரம் வைங்க. மதியம் ஊரே தூங்கும், நீங்களும் தூங்குங்க. டீக்கடையில உட்கார்ந்தா ஃபோன உள்ள வைங்க, யாராவது “எந்த ஊரு தம்பி?”னு ஆரம்பிப்பாங்க. திரும்பும்போது மரக்காணம் கல்லுப்பு ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க, பேரம் பேசாம. அடுத்த வாரம் செஞ்சிக் கோட்டை பத்திப் பேசலாம், யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தப்புறம் கீழ இருக்கற கடைக்காரங்களுக்கு என்ன மாறிச்சுன்னு. சந்திப்போம்.