பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க... நினைவாற்றலுக்கும் அது காவல்!

தர்மபுரி மாவட்டம், இண்டூர் சுற்றுவட்டாரத்தில் கேழ்வரகு, நிலக்கடலை என மானாவாரியை நம்பியிருக்கும் குடும்பங்கள் அதிகம். எந்த மழைக்கு விதைப்பது, யாருக்கு எவ்வளவு பாக்கி, பத்திரம் எந்தப் பெட்டியில் என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கும். அந்த நினைவு தடுமாறினால் குடும்பமே தடுமாறிவிடும்.

பொருளை வைத்த இடம் எப்போதாவது மறந்துபோவது வயதின் இயல்பு. ஆனால், பழகிய பாதையில் வீடு திரும்பத் தெரியாமல் நிற்பதும், கொடுத்த பணத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பதும் டிமென்ஷியா எனும் மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

ரத்த அழுத்தத்துக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு?

சொட்டுநீர்க் குழாயில் அழுத்தம் அளவுமீறினால் குழாய் பாழாகி, கடைசிச் செடி காய்ந்துவிடும். மூளையிலும் அப்படித்தான். உயர் ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால், நுண்ணிய ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்.

சீனாவில் 326 கிராமங்களில், ரத்த அழுத்தம் உள்ள சுமார் 34,000 பேரிடம் 4 ஆண்டுகள் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில், பயிற்சி பெற்ற கிராம மருத்துவப் பணியாளர்கள் மாத்திரையும் ஆலோசனையும் தந்து, அழுத்தத்தை 130/80-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15 சதவிகிதம் குறைவாக இருந்தது. இந்த முடிவு 2025-ல் வெளியானது.

வீடு தேடி வரும் மாத்திரை

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால், 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது என்பது மறந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை

* டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ, கூட்டவோ கூடாது. ஒருவரின் மாத்திரையை மற்றவர் சாப்பிடக் கூடாது.

* எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும். அளவை மாற்றித் தருவார்கள்.

* உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

* மறதி தொடங்கிவிட்ட பெரியவர் இருக்கும் வீட்டில், பூச்சிமருந்து பூட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும்.

மாத்திரை மட்டுமே மறதி நோயை முழுமையாகத் தடுத்துவிடாது. ஆனால், பக்கவாதம், மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கும் அதே மாத்திரை, நினைவையும் காக்க உதவுகிறது.