கரணையோடு வரும் கண்ணுக்குத் தெரியாத சுமை

காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் இருப்புப் பாதையில், தர்மாவரம் வழி பிரியும் சந்திப்பு பாகாலா. வெல்லத்துக்குப் பெயர்பெற்ற சித்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் இது. கரும்பை நம்பி இங்கு வாழும் குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பயிர்க்கடன் வழங்கும் வங்கியாளர்களாகிய நாம், பட்டா, அடங்கல், நீர்வசதி எனப் பலவற்றையும் கேட்டறிகிறோம். விதைக்கரும்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே.

கரும்பு விதையிலிருந்து பயிரிடப்படுவதில்லை. தண்டைத் துண்டாக்கிக் கரணைகளாக நடுகிறோம். தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் அளவு, ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணைகள். தாய்க்கரும்பில் நச்சுயிரி இருந்தால் அதன் கரணைகளும் அதைச் சுமந்தே வயலுக்குள் நுழைகின்றன. மறுதாம்பிலும் அது தொடர்கிறது. நச்சுயிரியைக் கொல்லும் மருந்து உழவரிடம் இல்லை. உரமும் நீரும் குறையாமல் இட்டும் விளைச்சல் ஆண்டுதோறும் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருப்பதியில் நடந்த ஆய்வு

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தாரும் இணைந்து, கரும்பில் தேமல் நோயை உண்டாக்கும் ஒரு நச்சுயிரியின் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர். இலையில் காணும் தேமல் ஒன்றுபோலத் தோன்றினாலும், அதை உண்டாக்கும் நச்சுயிரிகள் வெவ்வேறானவை. எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது, எலைசா, பி.சி.ஆர். போன்ற ஆய்வகச் சோதனைகள் தேவைப்படுகின்றன.

நுனியில் இருக்கும் தூய்மை

1952-இல் பிரான்சு நாட்டின் மோரல், மார்ட்டின் ஆகிய இருவரும், நோயுற்ற டாலியா செடியின் வளர்நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, நோயற்ற செடியைப் பெற்றனர். வளர்நுனியில் சாறு செல்லும் குழாய்கள் இன்னும் உருவாகியிருப்பதில்லை. செல்கள் விரைந்து பிரிகின்றன. ஆகவே நச்சுயிரி அங்கு எளிதில் எட்டுவதில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்நுனியை, சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்ந்த ஊடகத்தில் வளர்ப்பதே இம்முறை. 1912-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் இவ்வழியில் நோயற்ற நாற்றுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

நோயையும் காக்கும் குடுவை

இதே குடுவைக்கு மற்றொரு முகமும் உண்டு. நச்சுயிரி, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதைத் தனியே ஊடகத்தில் வளர்க்க முடியாது. கரும்பின் மஞ்சள் இலை நோய், வாழையின் முடிக்கொத்து நோய் ஆகியவற்றை உண்டாக்கும் நச்சுயிரிகள் சாற்றுக்குழாய்களிலேயே தங்குபவை. இலைச்சாற்றைத் தேய்த்து அவற்றை மற்றொரு செடிக்கு மாற்ற இயலாது. அசுவினிப் பூச்சிகளே பரப்புகின்றன. நோயுற்ற செடியைத் திறந்தவெளியில் வைத்திருந்தால் அப்பூச்சிகள் அண்டை வயல்களுக்கு நோயைக் கொண்டு செல்லும். மூடிய குடுவையில் வளரும் நோயுற்ற சிறு செடியோ, ஊருக்கு ஊறு விளைவிக்காமல் நச்சுயிரியைக் காத்து வைக்கிறது.

நோயைக் காத்து வைப்பானேன் என்று வாசகர்கள் வினவலாம். ஒரு சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, நோய் உண்டென்று உறுதியான மாதிரி ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். எடைக்கல் இல்லாத தராசைப் போன்றதே அம்மாதிரி இல்லாத ஆய்வகம். எந்த இரகம் நோயைத் தாங்கும் என்று ஆராயவும் அது பயன்படும்.

இதிலிருந்து உழவர் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. குடுவை நச்சுயிரியைக் காக்கவும் வல்லது என்றால், திசு வளர்ப்பு என்ற பெயர் மட்டுமே தூய்மைக்கு உத்தரவாதம் ஆகாது. முடிக்கொத்து நோயுற்ற வாழையைத் திசு வளர்ப்பில் பெருக்கினால் நச்சுயிரியும் உடன் பெருகுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1989-இலேயே காட்டினர். சோதிக்கப்படாத தாய்ச்செடி ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கான நோய்நாற்றுகள் புறப்படக்கூடும்.

நடவுக்கு முன்

இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புத் தாவரங்களுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது. இதன்படி நாற்றுகள் நச்சுயிரிச் சோதனைக்கும் மரபுத் தூய்மைச் சோதனைக்கும் உட்படுத்தப்படுகின்றன. நாற்று வாங்கும்போது விலைப்பட்டியலோடு இச்சான்றையும் கேட்டுப் பெறுதல் நலம்.

நிலம் முழுவதற்கும் திசு வளர்ப்பு நாற்று வாங்குவது செலவு மிகுந்தது. முதலில் சிறு பரப்பில் விதைப்பண்ணை அமைக்கலாம். ஓர் ஏக்கர் விதைக்கரும்பு ஏறத்தாழ 8 முதல் 10 ஏக்கர் வரை நடவுக்குப் போதும். அண்டை உழவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்தால் செலவு பகிரப்படும். அதன்பிறகும் அசுவினியால் நோய் மீண்டும் தொற்றலாம். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதைக்கரும்பைப் புதுப்பிப்பது இன்றியமையாதது.

கடன் தொகையும் வட்டியும் கணக்கேட்டில் தெரிகின்றன. கரணைக்குள் இருக்கும் நோய் எந்த ஏட்டிலும் தெரிவதில்லை. ஆனால் தவணை தவறும் நாளில் அதன் விலையை உழவரும் வங்கியும் சேர்ந்தே செலுத்த நேரிடுகிறது. அடுத்த பருவத்துக்குக் கடன் கேட்டு வரும்போது, விதைக்கரும்பு எங்கிருந்து வருகிறது என்பதை நாமும் கேட்போம். தாங்களும் கேட்டு வைத்திருங்கள்.