செயின் மட்டும் ஒரு லட்சமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரைக் கோயிலைப் பார்த்தாச்சு. சுண்டல் சாப்பிட்டாச்சு. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றபோதுதான் அந்தப் பெரிய அலை வந்தது. தடுமாறிய பையனை எட்டிப் பிடித்தேன். பையன் கிடைத்தான். கையிலிருந்த வாட்சைக் காணோம்!

"அப்பா, அங்க ஏதோ மின்னுது!" என்றான் பையன். நுரைக்கு நடுவில், மணலில் பாதி புதைந்து கிடந்தது. அடுத்த அலை வருவதற்குள் நான் பாய்ந்த பாய்ச்சலை கிரிக்கெட் தேர்வாளர்கள் யாராவது பார்த்திருந்தால், தொப்பையை மன்னித்து ஸ்லிப்பில் நிறுத்தியிருப்பார்கள்.

'ஒரு வாட்சுக்கு இவ்வளவு அலட்டலா?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சாதாரண வாட்ச் இல்லை ஸார், ஸ்விஸ்! கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளை முதல் செங்கல்பட்டு லோக்கலில் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வர முடியாது.

அது என் மாமாவுடையது. குவைத்தில் மூன்று வருஷம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து, 1988-ல் வாங்கினார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த இந்தியர்களில் சுமார் 1,70,000 பேரை விமானங்களில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் நகரம்வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஏர் இந்தியாவில் ஏறியவர்கள். மாமாவும் அப்படி வந்தவர்தான். டி.வி., ஃப்ரிட்ஜ், சேர்த்து வைத்த தினார் எல்லாம் அங்கேயே போச்சு. கைலியில் முடிந்து கொண்டுவந்த இந்த வாட்ச் மட்டும்தான் மிச்சம்.

அதற்கப்புறம் மாமா வெளிநாட்டுப் பக்கமே போகவில்லை. செங்கல்பட்டில் ஒரு மளிகைக் கடை போட்டார். பருப்பு நிறுக்கும்போதும் ஸ்விஸ் வாட்ச், எண்ணெய் அளக்கும்போதும் ஸ்விஸ் வாட்ச். போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைக் கழற்றி என் கையில் கொடுத்து, "வித்துடாதேடா" என்றார். உயில் அவ்வளவுதான்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பாய்ந்தேன் என்று?

மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு. சென்னையில் அந்தக் கம்பெனி வாட்சுகளைப் பார்க்கும் ஏ.சி. ஷோரூம். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், வாட்சைப் பச்சைக் குழந்தை மாதிரி வாங்கினார். டயலைப் பக்கவாட்டில் பிடித்துச் செயினை நீட்டினார். நல்ல செயின் என்றால் கம்பி மாதிரி நேராக நிற்குமாம். மாமாவின் செயின் புடலங்காய் மாதிரி வளைந்து தொங்கியது.

"செயின் ஸ்ட்ரெச் ஆயிருக்கு ஸார். மாத்தணும்."

"எவ்வளவு ஆகும்?"

கம்ப்யூட்டரைத் தட்டினார். "ஒரு லட்சத்துப் பத்தாயிரம். டாக்ஸ் தனி."

"புது வாட்ச் வேணாங்க. செயின் மட்டும் போதும்."

"செயின் மட்டும்தான் ஸார் சொன்னேன்."

கையுறை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. கைரேகை பதியக் கூடாது பாருங்கள்!

வீட்டில் சொன்னேன். மனைவி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தாராளமா வாங்குங்க. பையனுக்கு இந்த வருஷம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேணாம். அந்தச் செயினைப் போட்டு அவனை வீட்டுலயே கட்டி வெச்சுடலாம்" என்றாள்.

கடைசியில் போய் நின்ற இடம், செங்கல்பட்டு பஜாரில் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத பாய் கடை. எச்.எம்.டி. வாட்சுக்குச் சாவி கொடுத்த தலைமுறைக்கு அவர்தான் டாக்டர். எச்.எம்.டி.யின் வாட்ச் தொழிலை 2016-ல் மூட முடிவெடுத்து விட்டார்கள். பாய் மூடவில்லை.

கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பார்த்தவர் சிரித்தார். "ஸ்டீல் என்ன ரப்பரா தம்பி, இழுத்தா நீள்றதுக்கு? இது நீளலை. தேஞ்சிருக்கு."

அவர் பாடம் எடுத்தது இதுதான். செயினில் இருபது கண்ணி இருந்தால், ஒவ்வொன்றையும் ஒரு பின் கோத்து நிற்கிறது. வேர்வையும் தூசியும் அந்த ஓட்டைக்குள் போய்க் கலந்து, உப்புத்தாள் மாதிரி அராவுகின்றன. ஒரு கண்ணிக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. இருபதுக்கும் கூட்டினால் 2 மில்லிமீட்டர்! செயின் தொளதொளவென்று ஆடும். ஆட ஆட இன்னும் தேயும். பழைய செயின்களில் தகட்டை மடித்துச் செய்த கண்ணிகள் உண்டு. இன்றைய கெட்டிக் கண்ணிகளைவிட அவை சீக்கிரம் தளரும். தங்கம் என்றால் இன்னும் மெத்து. ரோலெக்ஸ்காரர்களே தங்கத்தில் செய்யும் பிரெசிடென்ட் செயினின் கண்ணிகளுக்குள் இப்போது செராமிக் குழாய் வைக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில், ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் தொளதொளக்கவில்லை? யாரும் அதைக் கட்டிக்கொண்டு தினம் ஆபீஸ் போகவில்லை!

"அதுக்காக ஒரு லட்சமா பாய்?"

"அந்த வாட்சுக்குன்னே வளைச்ச மூலைத் துண்டு, பாலிஷ், பூட்டு எல்லாம் வேலைதான். ஆனா பாதிக் காசு, வேற எங்கயும் கிடைக்காதுங்கறதுக்கு."

டூப்ளிகேட் செயின் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குமாம். மூலைத்துண்டு சரியாகப் பொருந்தாமல் ஆடி, வாட்சின் காதையே அராவிவிடுமாம். வேண்டாம் என்றார். ஓட்டைகள் ரொம்பப் பெரிதாகியிருந்தால், உள்ளே மெல்லிய குழாய் செருகிப் புதுப் பின் போடும் வித்தைக்காரர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அதுவும் இல்லாவிட்டால், பழைய செயினைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு, தோல் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளலாம். எதற்காகவும் பழைய செயினைத் தூக்கிப் போடக் கூடாது. இந்த மாதிரி வாட்சுகளில் கூடவே பிறந்த செயின் இருந்தால்தான் மதிப்பு.

பிறகு, "வாட்ச் கடல்ல விழுந்ததுக்குச் செயின் காரணமில்லை தம்பி. இவன்தான்" என்று இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். துடைப்பக் குச்சியை நறுக்கின மாதிரி ஒரு துண்டு. செயினையும் வாட்சையும் இணைக்கும் ஸ்பிரிங் பின். ஒரு முனை உப்பில் துருப்பிடித்து ஒடிந்திருந்தது.

"புதுசு எவ்வளவு?"

"ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அறுபது ரூபா."

எனக்குத் தலை சுற்றியது. குவைத் யுத்தத்தில் தப்பித்த வாட்சை, அறுபது ரூபாய் மிச்சம் பிடித்துக் கடலுக்குக் கொடுக்க இருந்தேன்!

பாய் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் செயினை மட்டும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தார். வந்த அழுக்கில் மாமாவின் மளிகைக் கடையே இருந்தது. ஆடிய பின்களை மாற்றினார். தேய்ந்து நீண்ட அளவுக்கு ஈடாக ஒரு கண்ணியைக் கழற்றி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஸ்பிரிங் பின்னோடு சேர்த்து மொத்தம் 850 ரூபாய்.

நல்ல வாட்ச் கட்டும் இளைஞர்களுக்கு பாய் சொல்லச் சொன்னது: வருஷத்துக்கு ஒரு தரம் ஸ்பிரிங் பின்னை மாற்றுங்கள். மாதம் ஒரு தரம் செயினைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். கடலுக்குப் போனால் கழற்றி வையுங்கள். 1927-ல் இங்கிலீஷ் கால்வாயில் ரோலெக்ஸோடு நீந்திய மெர்சிடிஸ் கிளைட்ஸ்கூட அதைக் கையில் கட்டவில்லை, கழுத்தில்தான் தொங்கவிட்டிருந்தார்! அப்புறம், உப்பை அலட்சியம் செய்யாதீர்கள். உப்புக் காற்றுக்காகத்தான் கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சவுக்கு மரம் வளர்த்தார்கள். காகிதக் கூழ் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால், துடைப்பக் குச்சி எம்மாத்திரம்?

செயின் இன்னமும் கொஞ்சம் தொங்கத்தான் செய்கிறது. அந்த 2 மில்லிமீட்டர், மாமா முப்பத்தைந்து வருஷமாகப் பருப்பு நிறுத்துத் தேய்த்தது. அதை எடுத்துவிட்டுப் புதுசு மாட்ட எனக்கு மனசு வரவில்லை, லட்ச ரூபாய் இருந்தாலும்.

"எல்லாம் சரி, மணி என்னங்க?" என்றாள் மனைவி நேற்று.

"இரு, செல்போன்ல பார்த்துச் சொல்றேன்" என்றேன்.