மாதந்தோறும் வாடகை கேட்கும் கத்தரிக்கோல்



புனேயிலிருந்து லோனாவ்லா செல்லும் லோக்கல் ரயிலில் மாலை வேளையில் பயணம் செய்கிறவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். ஜன்னலோர இருக்கையில் ஓர் இளைஞன்; மடியில் டேப்லெட்; காதில் ஹெட்ஃபோன். திரையில் யாரோ ஒருவருடைய திருமணம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்கியில் மணமகள் காரிலிருந்து இறங்குகிறாள். தேஹு ரோடு வருவதற்குள் மாலை மாற்றியாகிவிடுகிறது. தளேகாவில் அவன் இறங்கும்போது விருந்துப் பந்தியில் பாதி வெட்டப்பட்டிருக்கிறது. பகலில் தொழிற்பேட்டை வேலை, மாலையிலும் ஞாயிறன்றும் வீடியோ வேலை என்று குடும்பத்திற்கு இரண்டாவது வருமானம் தேடும் இளைஞர் நம்மவர்களிடையே பெருகி வருகிறார்கள்.

அந்த இளைஞன் உங்கள் மகனாகவோ தம்பியாகவோ இருக்கலாம். ஒரு நாள் அவன் உங்களிடம் வந்து, “அப்பா, இந்தச் செயலி மிகவும் நன்றாயிருக்கிறது. மாதம் சில நூறு ரூபாய்தான்” என்று சொல்லுவான். அந்தத் ‘தான்’ என்ற சொல்லைப்பற்றியே இக்கட்டுரை.

வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருளை முன்பெல்லாம் பெட்டியில் வைத்து விற்றார்கள். ஒருமுறை பணம் கொடுத்தால் அது உங்களுடையது. ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஃபைனல் கட் புரோ’ 1999-இல் வெளிவந்தபோது அதன் விலை 999 டாலர். அந்த விலை நம்மவர்க்கு எட்டாக் கனியாயிருந்ததால் பல ஸ்டுடியோக்களில் திருட்டுக் குறுந்தகடே ஆட்சி செய்தது என்பதை மறைப்பானேன்? மலிவு என்பதற்காகத் திருட்டு நியாயமாகிவிடாது. ஆனால் நேர்மையாக வாங்க விரும்பியவனுக்கு வழியே இல்லாதிருந்த காலம் அது என்பதும் உண்மை. 2011-இல் அதே மென்பொருளின் புதிய வடிவம் 299.99 டாலருக்கு வந்தது.

அடோபி நிறுவனம் வேறு வழியில் சென்றது. தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிமேல் விலைக்கு விற்பதில்லை, சந்தாவுக்கே தருவோம் என்று 2013 மே மாதத்தில் அறிவித்தது. அன்று முதல் மென்பொருள் சொத்தாயிருந்த நிலை மாறி, வாடகை வீடாயிற்று. 2016-இல் ஆப்பிள் தன் செயலிக் கடையில் எல்லா வகைச் செயலிகளுக்கும் சந்தா முறையைத் திறந்துவிட்டது. வழக்கமாகத் தான் எடுத்துக்கொள்ளும் 30 விழுக்காட்டுப் பங்கை, ஒரு சந்தாதாரர் ஓராண்டு நிலைத்திருந்தால் 15 விழுக்காடாகக் குறைப்பதாகவும் சொன்னது. செயலி செய்கிறவர்கள் ஏன் ஒருமுறை விற்பனையைவிட மாதச் சந்தாவை நாடுகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் புதிய இயங்குதளம் வருகிறது. புதிய கேமரா வருகிறது. அவற்றிற்கு ஏற்பச் செயலியையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை வாங்கிய பணத்தில் எத்தனை ஆண்டு உழைப்பது என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. பெட்டிக் காலத்தில் புதிய பதிப்பிற்குத் தனியாக விலை வாங்கினார்கள். செயலிக் கடைகளில் அதற்கு எளிய வழியில்லை.

இனி டேப்லெட்டுக்கு வருவோம். 2016 டிசம்பரில் ‘லூமாஃப்யூஷன்’ என்ற செயலி ஐபேடுக்கு வந்தது. பல அடுக்குக் காட்சிகளையும் ஒலிகளையும் ஒழுங்காக வெட்ட முடிகிற முதல் தரமான டேப்லெட் செயலிகளுள் அது ஒன்று. அதை ஒரே விலைக்கு விற்றார்கள். சில காலம் அது 29.99 டாலராயிருந்தது. 2021-இல் ஆப்பிளே அதை ஐபேடின் அவ்வாண்டுச் சிறந்த செயலியாகத் தேர்ந்தெடுத்தது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் ‘டாவின்சி ரிசால்வ்’ செயலியை ஐபேடுக்கு இலவசமாகக் கொடுத்தது. கூடுதல் வசதிகள் வேண்டுமானால் ஒரே தவணையில் 95 டாலர். அதன்பின் 2023 மே 23 அன்று ஆப்பிளின் சொந்த ஃபைனல் கட் புரோ ஐபேடில் வந்தது. மேக் கணினியில் ஒருமுறை விலைக்குக் கிடைத்து வந்த அது, ஐபேடில் சந்தாவுக்கு மட்டுமே கிடைத்தது. இந்தியாவில் மாதம் 499 ரூபாய். ஆண்டுக்கு 4,999 ரூபாய்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 499 என்றால் ஆண்டுக்கு 5,988. ஆண்டுச் சந்தாவாகவே செலுத்தினாலும் ஐந்தாண்டில் 24,995 ரூபாய். ஐந்தாம் ஆண்டின் முடிவில் உங்கள் கையில் இருப்பது என்ன? நிறுத்தினால் ஒன்றுமில்லை. மேலும் வாடகையைத் தீர்மானிப்பவர் வீட்டுக்காரரே. 2026 ஜனவரியில் ஆப்பிள் இந்தச் செயலியை இசை, படச் செயலிகள் சிலவற்றோடு கட்டி ‘கிரியேட்டர் ஸ்டுடியோ’ என்ற ஒரே சந்தாத் தொகுப்பாக்கியது. விலை ஏறிற்றா இறங்கிற்றா என்பது இங்கே இரண்டாவது கேள்வி. தொகுப்பில் எது இருக்கும், எது இராது என்பதில் உங்களுக்குக் குரல் இல்லை என்பதே முதலாவது.

தளேகாவில் குடியிருக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரவேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ‘பைசா ஃபண்ட்’ என்றொரு நிதியைத் தொடங்கினார். ஒருவர் ஆண்டுக்கு ஒரு பைசா கொடுத்தால் போதும். அன்றைய ரூபாய்க்கு 64 பைசா. ஆகவே ஏழையும் கொடுக்கலாம். லோகமானிய திலகர் இதற்குத் துணை நின்றார். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1908-இல் இதே தளேகாவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. வெளிநாட்டில் கண்ணாடித் தொழில் கற்றுத் திரும்பிய ஈஸ்வர்தாஸ் வர்ஷ்னே அங்கே பணியாற்றினார். பொருள் செய்ததோடு பலருக்குத் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். அதுவும் சிறு சந்தாதான், காலந்தோறும் கொடுத்ததுதான். ஆனால் பைசா கொடுத்தவர்களின் ஊரில் ஓர் உலை எரிந்தது, கைத்தொழில் அறிந்த மனிதர்கள் உருவானார்கள். இன்று உங்கள் மகன் கண்ணாடித் திரைமீது விரலை வைத்துச் செலுத்தும் சந்தா எதைச் சேர்த்து வைக்கிறது?

அவனுடைய தொழில் திறமையைச் சேர்த்து வைக்கிறது என்று நீங்கள் பதில் சொல்லலாம். சரிதான். வெட்டத் தெரிந்தவன் எந்தச் செயலியிலும் வெட்டுவான். அதனால்தான் கற்கும் பருவத்தில் இலவசச் செயலியிலோ ஒருமுறை விலைச் செயலியிலோ தொடங்குவதே நலம் என்று நான் எண்ணுகிறேன். சந்தா என்றாலே தீமை என்பதும் அன்று. மே மாதத்தில் ஆறு திருமணங்கள் கையில் இருக்கின்றன, அந்த ஒரு மாதத்திற்கு மட்டும் நல்ல செயலி வேண்டும் என்றால், ஒரு மாத வாடகை கொடுத்து வேலையை முடித்து நிறுத்திவிடுவது முழு விலையைக் காட்டிலும் சிக்கனம். நிறுத்த மறப்பதில்தான் நஷ்டம்.

செயலி உங்கள் வீடியோவை உண்மையில் வெட்டுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. தையற்காரர் துணியின்மேல் சுண்ணாம்புக் கோடு போடுவதுபோல், “இந்தக் காட்சியில் பன்னிரண்டாவது வினாடி முதல் இருபதாவது வினாடி வரை காட்டு, அதன்மேல் இந்த இசையை வை” என்று ஒரு குறிப்பேட்டை மட்டுமே அது எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பேட்டைத்தான் ‘புராஜெக்ட்’ என்கிறார்கள். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் முழுப் படம் ஒரு கோப்பாக உருவாகிறது. எம்பி4 போன்ற அக்கோப்பு எந்தக் கருவியிலும் ஓடும். குறிப்பேடோ பெரும்பாலும் அந்தச் செயலிக்கு மட்டுமே புரியும். சந்தா நின்றபின் முடிந்த படம் உங்களிடம் இருக்கும். ஆனால் அதில் மணமகன் பெயரிலுள்ள ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமானால், மறுபடியும் வாடகை கட்டிக் கதவைத் திறக்க வேண்டியதுதான்.

சில வேளைகளில் வீடே இடிக்கப்படும். அடோபி 2018-இல் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் ஏற்றதாக ‘பிரீமியர் ரஷ்’ என்ற எளிய செயலியைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் அதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. ஏழாண்டு!

வருமானத்தைப்பற்றியும் எண்ணிப் பாருங்கள். தளேகாவ் தொழிற்பேட்டையில் 2008-இல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் அவ்வாலையை ஹூண்டாய் வாங்கியது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளை நம் ஊர் மறந்துவிடவில்லை. சம்பளம் நின்ற மாதத்திலும் வீட்டு வாடகை வந்தது, பள்ளிக் கட்டணம் வந்தது. அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சந்தாக்களும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே ஒழுகும் காலம் இது. திருமண வீடியோ வேலையோ பருவத்தொழில். நான்கு மாதம் ஓட்டம், நான்கு மாதம் ஓய்வு. ஓய்வு மாதங்களில் செயலிக்கு ஓய்வில்லை.

இதற்குச் சட்டம் சில பிடிமானங்களைத் தந்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து தானாகக் கழிக்கப்படும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வரவேண்டும். அதைத் தடுக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. சேருவது எளிது, விலகுவது கடினம் என்று அமைக்கப்பட்ட சந்தா வலையும், மென்பொருள் சேவைக்குத் தெரியாமல் பணம் கழிப்பதும் அப்பட்டியலில் உள்ளன. முறையிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

‘ஆண்டுத் திட்டம், மாதத் தவணை’ என்ற சொல்லைக் கண்டால் நின்று வாசியுங்கள். அது மாதச் சந்தாவைப்போல் தோன்றும். உண்மையில் ஓராண்டு ஒப்பந்தம். இடையில் விலகினால் அபராதம் இருக்கலாம். இத்தகைய திட்டத்தின் விலகல் கட்டணத்தைச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபியின்மீது வழக்கே தொடுத்தது.

இன்னொரு தவறும் வீடுதோறும் நடக்கிறது. டேப்லெட்டிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நிற்காது. ஐபேடில் செட்டிங்ஸ் சென்று, மேலே உங்கள் பெயரைத் தொட்டு, சந்தாப் பகுதியில் விலக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணமும் சந்தாவும் என்ற பகுதிக்குச் செல்ல வேண்டும். யுபிஐ மூலம் கட்டினால் அச்செயலியிலுள்ள ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். இலவச மாதம் என்று சேர்ந்தால், முடிவதற்கு இரண்டு நாள் முன்பே விலகிவிடுவது பாதுகாப்பு. கடைசி நாள் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடலாம்.

டேப்லெட் வாங்கும்போது இன்னொரு கணக்கும் உண்டு. ஐபோனில் வினாடிக்கு 30 படங்கள் வீதம் 4கே தரத்தில் எடுத்தால், சிக்கன முறையிலேயே நிமிடத்திற்குச் சுமார் 170 எம்பி ஆகும். ஒரு மணி நேரத்திற்குப் பத்து ஜிபி. மூன்று மணி நேரத் திருமணத்தை இரண்டு கருவிகளில் எடுத்தால் 60 ஜிபி. 128 ஜிபி டேப்லெட்டில் இரண்டாவது திருமணத்திற்கு இடமிராது. இடமில்லையென்று மேகச் சேமிப்புக்கு இன்னொரு சந்தா கட்டுவதைவிட, ஒரு வெளி ஹார்டு டிஸ்க் ஒருமுறைச் செலவு. அதை முதல் மாத வருமானத்திலேயே வாங்கச் சொல்லுங்கள்.

அந்த டிஸ்க்கில் முடிந்த படத்தை மட்டும் வைத்தால் போதாது. வெட்டாத மூலக் காட்சிகளும், பயன்படுத்திய இசையும், எழுத்துகள் சேர்க்காத ஒரு சுத்தப் பிரதியும் திருமணத்திற்கு ஒன்றாகப் பெயரும் தேதியுமிட்டு இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஒரு நாள் அந்தக் குடும்பத்தார் உங்கள் மகனைத் தேடி வருவார்கள். திருமணத்தன்று மணமக்களை வாழ்த்திப் பேசிய பெரியவர் காலமாகியிருப்பார். படத்தில் அவர் பேச்சு அரை நிமிடமாக வெட்டப்பட்டு இசைக்கு அடியில் மறைந்திருக்கும். “தம்பி, தாத்தா பேசியது முழுவதும் உன்னிடம் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். செயலியின் சந்தா நின்று எத்தனை மாதமானாலும், அவன் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த டிஸ்க்கை எடுக்கக்கூடியவனாயிருக்கட்டும்.