புல்லின் வயதும் உரத்தின் அளவும்

நெல்லுக்கு உரமிடும் காலத்தையும் அறுக்கும் நாளையும் எண்ணிச் செய்யும் அங்கத்தினர்கள், மாட்டுப்புல்லுக்கு அவ்வாறு எண்ணுவதில்லை. நினைத்தபோது அறுக்கின்றனர், கைக்கு வந்த அளவில் யூரியா தூவுகின்றனர். பால் குறைந்தால் பழி மாட்டின்மேல் விழுகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோ 4 கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லை எடுத்துக்கொள்வோம். நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் அறுவடை. பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை அறுவடை என்பதே அதற்குரிய முறை. இதற்குக் காரணம் உண்டு. இளம்புல்லில் இலை மிகுதி. நாள் ஏற ஏறத் தண்டு தடித்து, மரத்தன்மை அடைகிறது. புரதத்தின் விகிதம் இறங்குகிறது. உலர்தீவனத்தில் அது நூற்றுக்கு ஏழுக்கும் கீழே சென்றால், மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மெலியும். மாடும் குறைவாகவே தின்னும். முற்றிய புல்லின் கட்டு கனக்கும், சத்து கனக்காது. எனினும் அடிக்கடி அறுத்தலும் தகாது. தூரில் சேர்ந்த சத்து தீர்ந்து பயிர் நலியும்.

உரத்திற்கும் ஒரு கணக்குண்டு. ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் இட்டு, தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 16 கிலோ இடவேண்டும். தழைச்சத்தில் பாதியை நடும்போதும், மறுபாதியை 30-ஆம் நாளிலும் இடுதல் நன்று. ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் 30 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 65 கிலோ யூரியா, ஈரமுள்ள நிலத்தில் இடவேண்டும்.

அளவு மீறினால் ஆபத்து உண்டு. மிகையான தழைச்சத்து, வறட்சிக் காலத்தில் நைட்ரேட்டாகத் தண்டின் அடிப்பகுதியில் தேங்கும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்திற் கலந்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பு நிறமாகும். மாடு மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும். ஆதலின் அறுவடையை நெருங்கி யூரியா இடலாகாது. வாடிய பயிரை அடித்தண்டை விட்டு உயர அறுத்து, வைக்கோலுடன் கலந்து சிறிது சிறிதாக இடுக. இப்புல்லில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுமாதலால், தாது உப்புக் கலவையும் வேலிமசாலும் உடன் சேர்த்தல் வேண்டும்.

சங்கங்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. புல்லை எடைக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கினால், முற்றவிட்டு அறுப்பவருக்கே ஆதாயம். நட்டம் கறவை வைத்திருக்கும் அங்கத்தினருக்கு. தறிவருமானத்துக்குத் துணையாக ஒரே பசு வளர்க்கும் நெசவாளருக்கு இந்நட்டம் சிறிதன்று. எனவே கொள்முதல் ஏட்டில் எடையோடு முன்னறுவடைத் தேதியையும் பதிவு செய்து, 45 நாட்களையொட்டிய புல்லுக்கு மேல்விலை தருமாறு நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்கலாம். எடை ஒன்றையே பார்த்த தராசு, இனிப் புல்லின் வயதையும் பார்க்கட்டும்.