பெரியம்மாவின் குளிசையில் பாதி நாய்க்கு

ஏ9 வீதியில் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் இருக்கிறது நாவுல. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி போகிற பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தெரியாமலே கடந்துபோய்விடும். மொறகஹகந்த நீர்த்தேக்கம் இருக்கிற பக்கத்தில் இரவில் யானை வரும். வந்தால் வெடி கொளுத்துவார்கள். வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கிற இந்த யானைவெடி, தீபாவளி வெடி மாதிரியல்ல. நெஞ்சில் வந்து இடிக்கும்.

முல்லைத்தீவிலிருந்து வந்து மகளோடு அங்கே தங்கியிருக்கிற என் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்த இரவும் வெடித்தது. வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே பூந்துகொண்டது. இழுத்தெடுக்கப் போன அக்காவைக் கடிக்கப் பார்த்தது. பெரியம்மா கட்டிலில் எழும்பி இருந்தவர், விடியும்வரை படுக்கவில்லை. காலையில் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, எனக்குக் கிளினிக்கில தாற குளிசையில பாதியை இதுக்குக் குடுத்தா என்ன?"

அவர் எடுப்பது டயசிபாம். கேள்வி வேடிக்கையானதல்ல. இந்தக் குளிசைகளின் கதையே விலங்குகளில்தான் தொடங்கியது.

லியோ ஸ்டர்ன்பாக் என்ற யூத வேதியியலாளர் நாஜிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டு 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். ரோஷ் நிறுவனத்தில் அவர் தயாரித்து ஒதுக்கிவைத்திருந்த ஒரு பொருளை 1957இல் எலிகளுக்கும் பூனைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, கிட்டப் போனாலே கடிக்கிற குரங்குகளுக்கும் கொடுத்தார்கள். குரங்குகள் தூங்கவில்லை, விழித்தபடியே சாதுவாகின. அதுதான் 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963இல் அதன் தம்பி வேலியம், அதாவது டயசிபாம். மூர்க்கமான விலங்கையும் சாதுவாக்கும் மருந்து என்பது பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. என் தொழிலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மூளையில் காபா என்றொரு இரசாயனம் இருக்கிறது. நரம்புகளின் ஓட்டத்துக்கு அதுதான் பிரேக். டயசிபாம் தானாகப் பிரேக்கை மிதிப்பதில்லை, மிதிக்கிற பிரேக்கை நன்றாகப் பிடிக்கவைக்கிறது. அச்சத்தைக் கிளப்புகிற அமிக்டலா என்ற பகுதி அதனால் அடங்குகிறது.

பயத்தினால் பாய்கிற விலங்கு இதனால் அமைதியாகலாம். ஆனால் பயமும் ஒரு பிரேக்தான். கடித்தால் அடி விழும் என்று பயந்து கடிக்காமல் நிற்கிற நாயின் பயத்தை எடுத்துவிட்டால், அது கடிக்கக்கூடும். ஆய்வுகூட எலிகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்: குறைந்த அளவு மருந்து கொடுத்தபோது, தன் இடத்துக்குள் வந்த அந்நிய எலியை ஆண் எலி கூடுதலாகத் தாக்கியது. அளவைக் கூட்டியபோது தாக்குதல் குறைந்தது. கடிக்கிற பழக்கமுள்ள நாய்க்கு இந்த வகை மருந்தை எழுதிக்கொடுக்க மிருக வைத்தியர்கள் தயங்குவது இதனால்தான். நாய்களுக்கு அசிபிரோமசின் என்ற வேறொரு மருந்தையும் கொடுப்பதுண்டு. அது உடம்பை அசையாமல் போட்டுவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு நாய் அமைதியாகிவிட்டது போலத் தெரியும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு ஆய்வு. அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பௌட்டனும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்டது. எலிகளுக்கு ஒரு பெட்டிக்குள் மின்னதிர்ச்சி கொடுத்து, அந்தப் பெட்டியென்றாலே பயப்பட வைத்தார்கள். பிறகு அதிர்ச்சி இல்லாமல் அதே பெட்டிக்குள் திரும்பத் திரும்ப விட்டார்கள். இப்படி விட்டால் 'இங்கே இனி ஒன்றும் நடக்காது' என்று எலி மெல்லக் கற்றுக்கொள்ளும். ஆனால் லிப்ரியம் அல்லது டயசிபாம் வகை மருந்தின் கீழ் அதைக் கற்ற எலிகளை மருந்தில்லாமல் அதே பெட்டிக்குள் விட்டபோது பயம் திரும்பி வந்தது. ஆபத்து முடிந்தது என்ற பாடம் மருந்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எலியில் கண்டதை மனுசருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், பேரதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் அந்த மன நெருக்கடிக்கு இந்த வகைக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் ஷெல் சத்தத்தைச் சுமந்துகொண்டு வருடக்கணக்காக இதே குளிசையில் இருக்கிறார்கள். ஏன் எடுக்கிறோம், எவ்வளவு காலத்துக்கு, இதோடு வேறென்ன சிகிச்சை இருக்கிறது என்று யாராவது அவர்களோடு இருந்து பேசினார்களா என்பதுதான் என் கேள்வி. ஒன்று மட்டும் கவனம்: நீண்ட காலம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. வலிப்புகூட வரலாம். வைத்தியரோடு பேசி மெல்ல மெல்லத்தான் குறைக்கவேண்டும்.

பெரியம்மாவிடம் நாய்க்குக் குளிசை வேண்டாம் என்றேன். ஒளிக்கிற இடத்தில் ஒளிக்க விடுங்கோ, இழுக்காதேங்கோ. பகலில் வெடிச் சத்தத்தை போனில் மிக மெதுவாகப் போட்டு, கூடவே சாப்பாடு கொடுத்து, நாள் போகப் போகச் சத்தத்தைக் கூட்டலாம். அது பயந்தால் அன்றைக்கு நிறுத்திவிடவேண்டும்.

"அப்ப எனக்கு?" என்றார்.

அடுத்த கிளினிக் நாளுக்கு நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.